வறுமைதான் பயங்கரவாதத்துக்குக் காரணமா?

செழியன்:
ஒரு டிவி விவாதத்தில் "வேலை கொடுங்கள், பயங்கரவாதம் தானாக ஒழியும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் குண்டு வெடிக்க வைத்தவர்களில் இருவர், பெரிய மசாலா வியாபாரி வீட்டு அண்ணன் தம்பி. அல் கொய்தா தலைவராக இருந்த ஜவாஹிரி அறுவை சிகிச்சை மருத்துவர். இவர்களுக்கு என்ன பணக் கஷ்டம்? பொருளாதாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

கயல்விழி:
சம்பந்தம் இருக்கிறது செழியன். திட்டம் போடுகிறவனையும் அவனுக்குப் பின்னால் துப்பாக்கி தூக்குகிறவனையும் ஒரே தட்டில் வைத்தால் தெரியாது, அவ்வளவுதான். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 8 ஆப்பிரிக்க நாடுகளில் பயங்கரவாதக் குழுக்களில் இருந்தவர்களிடமே பேசி 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தானாகப் போய்ச் சேர்ந்தவர்களில் வேலைதான் முக்கியக் காரணம் என்றவர்கள் 25 சதவீதம், மதம் என்றவர்கள் 17 சதவீதம்தான்.

முத்துக்குமார்:
அந்த 25 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள் மேடம். அதே அறிக்கையில், சேரத் தூண்டிய சம்பவம் ஒன்று இருந்தது என்றவர்களில் 71 சதவீதம் பேர் சொன்னது மனித உரிமை மீறலைத்தான், பல நேரம் அரசுப் படைகளே செய்தது. நைஜீரியாவைப் பாருங்கள். 2019 கணக்கெடுப்பில் ஜிகாவா மாநிலத்தில் 87 சதவீதம் பேர் ஏழைகள், ஆனாலும் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு வேர்விட்டது அங்கே இல்லை, போர்னோ மாநிலத்தில். 2009 ஜூனில் போர்னோவின் தலைநகர் மைதுகுரியில் சவ ஊர்வலத்தில் பைக்கில் போன அந்தக் குழுவினர் ஹெல்மெட் போடவில்லை என்று தகராறு வந்து போலீஸ் சுட்டது, அடுத்த மாதமே கலவரம், அதன் தலைவர் முகமது யூசுஃப் போலீஸ் காவலிலேயே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்தது இன்னும் கொடூரமான போகோ ஹராம்.

கயல்விழி:
ஒப்புக்கொள்கிறேன் சார், ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2011-இல் பாதுகாப்பு என்று சொல்லி மைதுகுரியில் மோட்டார் சைக்கிளையே தடை செய்தார்கள். அங்கே பைக் டாக்ஸி ஓட்டித்தான் ஏராளமான இளைஞர்கள் சாப்பிட்டார்கள். போலீஸ் மேல் ஏற்கெனவே ஆத்திரத்தில் இருக்கிற ஊரில் பிழைப்பையும் பிடுங்கினால் ஆள் சேர்க்கிறவனுக்கு வேலை சுலபம்.

செழியன்:
அப்படியென்றால் வேலை மட்டும் கொடுத்தால் போதாது, காவலில் கொன்றவர்கள் மேல் வழக்கும் நடக்க வேண்டும். அந்த விவாதத்தில் இதை ஒருவர்கூடப் பேசவில்லை.