ஃப்ளோரைடு கிட்: ஒரே தண்ணீருக்கு மூன்று வாசிப்பு, உதவி தேவை

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். அணி தத்தெடுத்த கிராமம். ஏழு நாள் சிறப்பு முகாமில் மாணவர்கள் கைப்பம்புத் தண்ணீரில் ஃப்ளோரைடு பார்க்கிறார்கள். முடிவுகளை ஜனவரி 26 கிராம சபையில் வைக்க வேண்டும்.

ஸ்பாட்ன்ஸ் (SPADNS, ஃப்ளோரைடு கூடக்கூட நிறம் வெளிறும் சிவப்புச் சாயம்) போட்டு, நிற அட்டையோடு கண்ணால் ஒப்பிடும் கிட். ஒரே மாதிரியை ஒருவர் 1.0 என்கிறார், அடுத்தவர் 1.5, இன்னொருவர் 2.0. இந்திய தர நிர்ணயப்படி 1.5 மி.கி./லி. தாண்டினால் குடிக்கக் கூடாது. சிக்கல் சரியாக அந்த எல்லையில்தான். தவறாகச் சிவப்புக் குறியிட்டால் பெண்கள் வீணாக வெகுதூரம் குடம் சுமப்பார்கள். தவறவிட்டால் பிள்ளைகளின் பல் கறைபடும்.

கண்ணாடி பாட்டிலை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறியாயிற்று. சாயம் புதிது. மாதிரியும் நியமக் கரைசலும் (ஃப்ளோரைடு அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஒரே வெப்பநிலையில். சோடியம் ஃப்ளோரைடு 221 மி.கி.யை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 1.5 மி.லி.யை 100 மி.லி.யாக்கி, 1.5 நியமத்தைப் பக்கத்தில் வைத்தும் பார்த்தாயிற்று. வித்தியாசம் குறைந்தது, போகவில்லை. குளோரின் சாயத்தை வெளுக்கும் என்பதால் மேல்நிலைத் தொட்டிக் குழாய்களைச் சேர்க்கவில்லை. டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் இதற்கு உதவாது, டி.டி.எஸ். குறைந்த தண்ணீரிலும் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் ஃப்ளோரைடை எண்ணாகவே அளக்கும் அயனி மின்முனை உண்டு, ஆனால் எல்லா மாதிரிகளையும் அங்கே ஓட்ட நேரம் கிடைக்காது.

1.5-ஐ ஒட்டிய வாசிப்பை மாணவர்கள் எல்லோரும் ஒன்றுபோல எடுக்க, களத்தில் உங்களுக்குக் கைகொடுத்த முறை எது?