குளிர்காலத்தில் கார் கண்ணாடி மூடிப்போகிறது: ஏ.சி. போடலாமா, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

கோத்தகிரி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருந்து ஊட்டிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், நானேதான் ஓட்டுகிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், சாதாரண மேனுவல் ஏ.சி., கோயமுத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஐப்பசி பிறந்ததில் இருந்து ஒரே தொல்லை. கட்டபெட்டு தாண்டி மேகத்துக்குள் நுழைந்ததுமே முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளையாக மூடிக்கொள்கிறது. துணியால் துடைத்துவிட்டு அடுத்த வளைவு திரும்புவதற்குள் மறுபடியும் மூடிவிடுகிறது. போன வாரம் ஒரு காட்டெருமை நடுரோட்டில் நின்றது கிட்டே போகும் வரை தெரியவில்லை, அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது.

என் மாமனார், "இந்தக் குளிரில் யாராவது ஏ.சி. போடுவார்களா, பெட்ரோலைக் குடித்துவிடும், ஹீட்டர் போதும்" என்கிறார். ஹீட்டரைப் போட்டால் கண்ணாடி தெளிவதே இல்லை, சில நேரம் இன்னும் மோசமாகிறது. வெளிக்குளிர் வரக்கூடாது என்று காற்று உள்ளேயே சுற்றும் பட்டனைப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். சர்வீஸ் செய்யும் இடத்தில் ஏ.சி.யைச் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி, மைலேஜ் எவ்வளவு அடிபடும்?

இன்னொன்று. மார்கழி, தையில் தலைக்குந்தாவில் அக்கா வீட்டில் தங்கினால் காலையில் வெளிக்கண்ணாடி முழுக்க உறைபனி. பக்கத்து வீட்டுக்காரர் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

மலை டாக்ஸி:

மேடம், முதலில் அந்த உள்காற்று பட்டனை அணையுங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, ப்ளோயரை மூன்றில் வைத்து, குமிழைச் சிவப்புப் பக்கம் பாதிக்கு மேல் தள்ளி, ஏ.சி.யையும் போடுங்கள். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்தில் கீழே இருந்து தெளிந்துகொண்டே மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். பக்கக் கண்ணாடியும் மூடினால் டேஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற காற்று வாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், அப்போதுதான் சைடு மிரர் தெரியும்.

தெளிந்ததும் உடனே ஏ.சி.யை அணைத்துவிடாதீர்கள், அதை நிறைய பேர் செய்கிறார்கள். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் ஏ.சி. காயிலில் தேங்கி நிற்கும் தண்ணீர் அப்படியே ஆவியாகிக் கண்ணாடியில் வந்து ஒட்டும், முன்பைவிட மோசமாக மூடும். மேகம் விலகும் வரை ஓடட்டும்.

ஈரக் குடை, நனைந்த மேட், ஈரமான ஸ்வெட்டர் எதையும் வண்டியில் விட்டு வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க அந்த ஈரம் உள்ளேயே சுற்றும். மழைநாளில் சவாரி ஏறுகிறவர்களின் குடையை நான் டிக்கியில்தான் போடுவேன்.

ஊட்டி ஏ.சி. பட்டறை:

மேலே சொன்ன முறை சரி. காரணமும் தெரிந்தால் உங்கள் மாமனாரிடம் எடுத்துச் சொல்லலாம், அதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்று குளிரக் குளிர அதில் தங்கும் ஈரம் குறையும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். சின்ன காரின் உள்ளே இருப்பது ஏறத்தாழ மூன்று கன மீட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரத்தை வெளியே விடுகிறார். மூன்று பேர் ஏறிக் காற்றையும் உள்ளேயே சுற்ற விட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடி, அங்கே போய்ப் படியும். ஹீட்டரை மட்டும் போட்டு உள்காற்றிலேயே ஓட்டினால் மேட்டிலும் துணியிலும் இருக்கும் ஈரமும் சேர்ந்து கிளம்பும். உங்களுக்கு இன்னும் மோசமாவது அதனால்தான்.

ஏ.சி. போட்டால் காற்று முதலில் குளிர்ந்த காயிலைத் தொட்டுப் போகும். ஈரம் அங்கேயே தண்ணீராகி வண்டிக்கு அடியில் குழாய் வழியாகச் சொட்டிவிடும். அப்புறம் அதே காற்று ஹீட்டரின் ரேடியேட்டர் வழியாகப் போய்ச் சூடாகும். ஈரம் கழிந்த சூடான காற்றுதான் கண்ணாடியில் அடிக்கிறது. இங்கே ஏ.சி. செய்கிற வேலை காற்றைக் காயவைப்பது, குளிர்விப்பது அல்ல. பல வண்டிகளில் முன்கண்ணாடிப் படம் போட்ட நிலைக்குத் திருப்பினாலே ஏ.சி.யை ஓட்டும் கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பிக்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் விஷயம். ஹீட்டருக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம், இன்ஜின் வீணாக்குகிற சூட்டைத்தான் அது எடுக்கிறது. ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜினின் சக்தியில் ஓடுவது உண்மை. கடும் வெயிலில், அதுவும் குறைந்த தூரம் ஓடும்போது, ஏ.சி. மைலேஜை 25 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஆனால் அது கொதிக்கிற காரைக் குளிர வைக்கும் கணக்கு. நம் ஊரில் 12 டிகிரிக் காற்று உள்ளே வரும்போது காயிலுக்கு அவ்வளவு வேலை கிடையாது, பூஜ்யத்துக்குக் கிட்டே போனால் காயில் உறைந்துவிடும் என்று சென்சாரே கம்ப்ரசரை நிறுத்திவிடும். பானெட் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக்' என்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், மேட்டுப்பாளையத்து மே மாதத்தில் அது விடவே விடாது. எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அவ்வளவுதான் செலவு.

காலையில் பத்து நிமிஷம் வண்டியை நிற்க வைத்தே உறுமவிட்டுச் சூடாக்குவதைப் பாருங்கள், அங்கேதான் பெட்ரோல் போகிறது. இந்த மாதிரி இன்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், கிலோமீட்டர் பூஜ்யம். கண்ணாடி தெளிந்ததும் கிளம்பி முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் அதைவிட வேகமாகச் சூடாகும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

குன்னூர் பழைய வண்டி:

எல்லோரும் ஏ.சி. ஏ.சி. என்கிறீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. என்னுடையது 800 சிசி வண்டி. பர்லியாறில் இருந்து குன்னூர் ஏறும்போது ஏ.சி. போட்டால் இழுவை அப்படியே விழுந்துவிடும், செகண்டில் திணறும். இரண்டு பக்கக் கண்ணாடியையும் ரெண்டு விரல் இறக்கிவிடுவேன், கண்ணாடி மூடாது, சல்லிக் காசு செலவில்லை. நாங்கள் எல்லாம் ஏ.சி. வருவதற்கு முன்னால் இருந்தே இந்த மலையில் ஓட்டுகிறோம்.

ஊட்டி ஏ.சி. பட்டறை:

அண்ணே, நீங்கள் சொல்வது வேலை செய்யும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகிறது, அவ்வளவுதான் தேவை. சின்ன இன்ஜினில் செங்குத்தான ஏற்றத்துக்கு மட்டும் ஏ.சி.யை அணைப்பதும் தப்பில்லை, சில வண்டிகளில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அதுவே கம்ப்ரசரை விடுவித்துவிடும். ஆனால் வெளியே மழையும் மேகமுமாக இருக்கும்போது கண்ணாடியை இறக்கினால் உள்ளே வருவதும் ஈரக்காற்றுதானே, தெளிய நேரமாகும்.

இறக்கத்தில் கணக்கே வேறு. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து இறங்கும்போது பெட்ரோல் வரத்து நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது ஏ.சி.யையும் அந்த இறக்கம்தான் ஓட்டுகிறது, கொஞ்சம் பிரேக் மாதிரியும் உதவும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு மிச்சமும் இல்லை, பிரேக் சூடாகி உயிருக்கும் ஆபத்து. கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு, அங்கே ஏன் செகண்ட் கியரில் இறங்கச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உறைபனிக்கு வருகிறேன். மேடம், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். பூஜ்யம் டிகிரியில் இருக்கிற கண்ணாடியில் சூடு பட்டால் விரிசல் விடும், ஏற்கெனவே ஒரு சின்னக் கல் அடித்த தழும்பு இருந்தால் அங்கிருந்து கோடு ஓடும். பச்சைத் தண்ணீரும் சில நேரம் ஊற்றிய இடத்திலேயே உறைந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் வைப்பரை இழுத்தால் ரப்பர் கிழியும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் சுரண்டுங்கள், போதும். அதைவிட நல்லது ராத்திரியே முன்கண்ணாடியில் சாக்கோ போர்வையோ போட்டுவிடுவது. மேகமில்லாத ராத்திரியில் கண்ணாடி தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும், அதனால்தான் மரத்தடியிலோ ஷெட்டிலோ நிற்கும் வண்டியில் உறைபனி பிடிப்பது குறைவு, வெட்டவெளியில் நிற்பது வெள்ளையாகிவிடும்.

அந்த மாதிரி காலையில் கம்ப்ரசர் ஓடவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். பூஜ்யம் டிகிரிக் காற்றில் ஈரமே 5 கிராமுக்குள்தான், அதை வெளியே இருந்து இழுத்துச் சூடாக்கினாலே நன்றாகக் காய்ந்த காற்று. ஏ.சி. நிஜமாகத் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை மேகத்தில்தான்.

இத்தனையும் செய்து தெளியவில்லை என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள், உள்கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். அழுக்குப் படலத்தில் பனி சீக்கிரம் பிடிக்கும்.

கோத்தகிரி வாசி:

ரொம்ப நன்றி அண்ணா. இன்று காலை வெளிக்காற்று, ஏ.சி., சூடு மூன்றும் சேர்த்துப் போட்டேன். தொட்டபெட்டா சந்திப்பு வரை கண்ணாடி மூடவே இல்லை. ஒன்றுதான் இடிக்கிறது. ஊட்டி போய்ச் சேரும் வரை காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, சூடாகவில்லை. டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. ஹீட்டர் கெட்டுவிட்டதா?

ஊட்டி ஏ.சி. பட்டறை:

ஹீட்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கோயமுத்தூர் வண்டி என்றீர்களே, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதுதான். வெயில் ஊரில் இன்ஜின் சூடாகிறது என்றால் சில பட்டறைகளில் முதலில் அதைத்தான் எடுத்துவிடுவார்கள், அங்கே பெரிதாகத் தெரியாது. இங்கே கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜின் சூடேறாது, ஹீட்டருக்கும் சூடு வராது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். மைலேஜ் போவது இதில்தான், ஏ.சி.யில் இல்லை.

வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிஷத்துக்குள், மின்விசிறியில் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ரொம்ப நேரம் ஜில்லென்று இருந்துவிட்டுத் திடீரென்று சூடானால் வால்வு நன்றாக இருக்கிறது, அப்போது ஹீட்டர் குழாயில் அடைப்பா என்று பார்க்க வேண்டும். கூலன்ட் அளவையும் இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். அது குறைந்து, உள்ளே இனிப்பான வாடையோ கண்ணாடியில் பிசுபிசுப்போ இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டரில் ஒழுக்கு, அதைத் தள்ளிப்போடக் கூடாது.