கடற்கரை ஷெட்டுக்கு 12 வோல்ட் எல்இடி விளக்கு: டிரைவர் பற்றி உதவி வேணும்

குளச்சல் பக்கம் வலை பின்னும் ஷெட்டுக்கு கரண்ட் போனாலும் எரியும் விளக்கு. 12 வோல்ட் 7 ஏஎச் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத) பேட்டரி, சார்ஜர் எப்போதும் மாட்டியிருக்கும். 1 வாட் வெள்ளை எல்இடி மூன்று சீரீஸில், ஒரு 10 ஓம் 2 வாட் ரெசிஸ்டர். இப்படி நாலு வரிசை.

பிரச்சினை ரெசிஸ்டர்தான். மூன்று எல்இடிக்கு ஏறக்குறைய 9.6 வோல்ட் போகும். சார்ஜர் 13.8 கொடுக்கும்போது மீதி 4.2 வோல்ட், அதாவது வரிசைக்கு 420 மில்லிஆம்ப். 300, 350க்கான எல்இடிக்கு இது கூடுதல், ரெசிஸ்டரும் 1.8 வாட் சூட்டில் கிடக்கும். பேட்டரி 10.5க்கு இறங்கினால் வெறும் 90 மில்லிஆம்ப், வெளிச்சம் மங்கிப்போகும். ரெசிஸ்டரைக் கூட்டினால் சூடு குறையும், மங்கல் இன்னும் மோசமாகும்.

அதனால் வரிசைக்கு ஒரு பிடி4115 டிரைவர் (எல்இடிக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் வைக்கும் சிப்) போட நினைக்கிறேன். கரண்ட் அளவைத் தீர்மானிக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் 0.33 ஓம் வைத்தால் 300 மில்லிஆம்ப். ஆனால் இது பக் வகை, அதாவது வோல்ட்டைக் குறைத்துத்தான் தரும், உள்ளே வரும் வோல்ட் எல்இடியைவிடக் கூடுதலாக இருந்தே ஆகணும். 10.5இல் மூன்று எல்இடியை ஒழுங்காக ஓட்டுமா, இல்லை இரண்டாகக் குறைப்பதுதான் நல்லதா? ஓட்டிப் பார்த்தவர்கள் அளந்த கரண்டைச் சொல்லுங்க.

அடுத்தது உப்புக்காற்று. செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும். மூடி அடைக்க, புளிச்ச வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம், அந்த அமிலமே செம்பை அரிக்கும். போர்டுக்கு அக்ரிலிக் ஸ்ப்ரே போதுமா, எபாக்ஸி ஊற்றணுமா? நாகர்கோவிலில் நியூட்ரல் (அந்த அமிலம் வராத) சிலிக்கான் எந்தக் கடையில் கிடைக்கும் அண்ணன்மாரே, திருவனந்தபுரம்தான் போகணுமா?