ஆடிப்பெருக்கை அடுக்குமாடி வீட்டில் கும்பிடுவதற்கு இன்னும் பொருள் இருக்கிறதா?

படித்துறை எழுதியது:

பிடித்த பண்டிகை எது என்று கேட்டால் என் வயதுக்காரர்கள் தீபாவளி என்றோ பொங்கல் என்றோதான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது ஆடிப்பெருக்குதான். புத்தாடையும் வெடியும் இல்லாவிட்டாலும், திருவையாற்றில் எங்கள் தெருவே அன்று காவிரி ஆற்றுக்கு இறங்கிவிடும். புஷ்ய மண்டபப் படித்துறையில் இடம் பிடிப்பதற்காக அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பொழுது விடிவதற்கு முன்பே என்னை இழுத்துக்கொண்டு போவார். வாழையிலையில் மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, பக்கத்தில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்ட பிறகு, மஞ்சள் நூலை ஒவ்வொருவர் கையிலும் கட்டுவார்கள். பையன்கள் சிறு சப்பரங்களைத் தெருவெல்லாம் கடகடவென்று இழுத்துக்கொண்டு திரிவார்கள். அந்த ஆண்டு கல்யாணமான பெண்கள் எடுத்து வைத்திருந்த மாலைகளை ஆற்றில் விடுவார்கள். மாலையில் மணலில் உட்கார்ந்து புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் கை புளிவாசம் அடிப்பதுபோல் இருக்கிறது.

இப்போது போரூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் இருக்கிறோம். சென்ற ஆண்டு பித்தளைச் செம்பில் தண்ணீர் பிடித்துக் கோலத்தின்மேல் வைத்து, பூவும் காப்பரிசியும் போட்டுக் கும்பிட்டேன். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்ததால் கேன் தண்ணீரைத்தான் செம்பில் ஊற்றியிருந்தேன். பக்கத்தில் நின்ற என் மகளுக்குப் பதினோரு வயது. "கேன் போடுகிற அண்ணனுக்குக் காசு கொடுத்துவிட்டோமே, பிறகு தண்ணீருக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆற்றைப் பார்த்தே இராத பிள்ளைக்கு முன்னால் கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு செய்யும் இந்தச் சடங்கை விட்டுவிடுவதுதான் நேர்மையோ என்று அன்றிலிருந்து ஒரு குழப்பம் இருக்கிறது. பெற்றோரின் ஊரில் செய்ததைப் புது ஊரில் தொடர்பவர்களும், தொடராமல் நிறுத்திவிட்டவர்களும் உங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மடைக்காரர் எழுதியது:

அம்மா, பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதகு, ஷட்டர், அவற்றைத் திறந்து மூடும் லஸ்கர்கள் என்று முப்பது ஆண்டுகளுக்குமேல் வாய்க்கால் கரையிலேயே ஓடிவிட்டது. ஆகவே உங்கள் கேள்வியைத் தண்ணீரின் பக்கமிருந்து பார்க்கிறேன்.

குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை ஆனி மாதத்தில் வலுத்தால் ஆடியில் இங்கே புதுவெள்ளம் வரும். அணை கிடையாத காலத்தில் அந்த வெள்ளம் தானாக வந்து படிகளை ஏறும். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு, ஆடி 18 அன்று படித்துறையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது வானத்தின் கையைவிட்டு மதகின் கைக்குப் போய்விட்டது. ஜூன் 12இல் அணையைத் திறப்பது வழக்கம். மூன்று நான்கு நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்துவிடும். குறுவைக்கு நாற்று விட்டு நடவு முடிந்து, ஆடி 18 வரும்போது பயிர் வேர் பிடித்திருக்கும், சம்பாவுக்கான ஏற்பாடுகளும் தொடங்கியிருக்கும். குடியானவன் சற்று மூச்சு விடும் நாள் அது. கடைமடைக்காரர்களுக்கோ, இந்த ஆண்டு நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிவிட்டதா, இல்லையா என்பது கண்முன்னே தெரியும் நாள். ஆற்றங்கரைக்குப் போய்ப் பூப்போட்டவர்கள் அதே கண்ணால் ஆற்றின் மட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பண்டிகையின் பாதி அந்தப் பார்வைதான்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவே இல்லை. அந்தக் காலத்தில் சில ஆடிப்பெருக்குகளில் மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் ஊறிய நீருக்குத்தான் கற்பூரம் காட்டினார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குழாய்களில் தெளிக்கவிட்டு மக்களைக் குளிக்க வைத்த ஆண்டுகளும் உண்டு. அப்படியே நேர்மாறாக, 2018 ஜூலையில் மேட்டூர் 120 அடி முழுக் கொள்ளளவை எட்டி, ஆடி 18 அன்று ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அதே ஆகஸ்ட் மாதம் 22ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 2020இல் எட்டு ஆண்டுக்குப் பிறகு ஜூன் 12இல் தண்ணீர் திறந்தார்கள். ஆனால் ஆடி 18 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஞாயிறுதோறும் தளர்வில்லா ஊரடங்கு இருந்த மாதம் அது. ஆறு நிறையத் தண்ணீர் போக, படித்துறையில் ஓர் ஆள் இல்லாமல் நான் பார்த்த ஆடிப்பெருக்கு அது ஒன்றுதான்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போரூர் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய வீராணம் திட்டம் 2004இல் செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து, வீராணம் ஏரித் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து உங்கள் போரூர் நீர்ப்பகிர்மான நிலையத்துக்குத்தான் வருகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. கொள்ளிடத்துக்கோ காவிரியிலிருந்து வருகிறது. மற்ற ஏரித் தண்ணீரும் கலந்துதான் வருகிறது என்றாலும், உங்கள் சமையலறைக் குழாயில் வரும் குடிநீர் வாரியத் தண்ணீரில் காவிரிக்கும் பங்கு இருக்கும். நீங்கள் கலங்கல் என்று ஒதுக்கிய தண்ணீருக்குத்தான் ஆற்றோடு உறவு. கேனில் வந்தது பெரும்பாலும் எங்கோ ஒரு நிலத்தடியிலிருந்து உறிஞ்சியதாக இருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஒரு வரைபடத்தை எடுத்து, குடகிலிருந்து போரூர் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். பிறகு செம்பைக் குழாயில் நிரப்புங்கள்.

கும்பகோணத்துக்காரி எழுதியது:

மடைக்காரர் ஐயாவின் விளக்கம் சிறப்பாக இருக்கிறது. நானும் அதைப் படித்துப் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். ஆனால் பண்டிகை பொருளை இழந்துவிட்டதா என்று பேசும்போது நாம் தண்ணீரை மட்டுமே பார்க்கிறோம், கரையில் யார் நிற்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆடி 18க்கும் காப்பரிசிக்கு அரிசி களைந்து ஊறவைத்தது, வெல்லம் தட்டியது, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப்போட்டது, ஐந்து வகைச் சோறும் கிளறித் தூக்குகளில் அடைத்தது எல்லாம் என் அம்மாதான். படித்துறைக்கு மட்டும் அவர் வரமாட்டார். யாரும் அவரை வரவேண்டாம் என்று வாயால் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுமங்கலிகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் நாளில் அவருக்கு என்ன வேலை? நாங்கள் திரும்பி வந்ததும், "தண்ணி எவ்வளவுடி போகுது?" என்று மட்டும் கேட்பார். ஐயா சொல்லும் அந்தப் பார்வை அவருக்கும் இருந்தது. அதற்கு இடம்தான் இல்லை.

இதனோடு, இப்போது ஆற்றில் சேரும் பழைய துணியையும் பாலிதீன் பையையும், ஆடி 18க்குக் குண்டுமணியாவது தங்கம் வாங்க வேண்டும் என்று நகைக்கடைகள் செய்யும் விளம்பரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நான் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டேன், வருத்தமும் இல்லை. கலந்த சோறு மட்டும் செய்கிறேன், ஏனென்றால் அது அம்மாவின் கைப்பக்குவம். படித்துறை சகோதரி, நீங்கள் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் நினைவில் விடியற்காலையில் உங்களை இழுத்துக்கொண்டு போனது அத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இன்றும் போகிறாரா?

நோம்பிக்காரன் எழுதியது:

எங்கள் பக்கம், அதாவது ஈரோடு மாவட்டத்தில், இது ஆடி நோம்பி. பவானி கூடுதுறைக்குப் போகிறவர்கள் போவார்கள். ஆறு எட்டாத ஊர்களில் மரத்துக்கு மரம் தூரி கட்டி ஆடுவதுதான் ஆடி 18. ஆகவே தண்ணீர் வந்தால்தான் பண்டிகை என்ற கட்டாயம் எங்களுக்கு இருந்ததில்லை. புதுமாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் விருந்து, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது. தேங்காயின் நாரை எடுத்துவிட்டுத் தரையில் மழமழவென்று தேய்க்க வேண்டும். கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, அரிசி, பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் கண்வழியே திணிக்க வேண்டும். பிறகு அழிஞ்சிக் குச்சியைச் சீவித் துளையில் செருகி, தேங்காய்க்கு மஞ்சள் பூசித் தீயில் வாட்ட வேண்டும். ஓடு வெடிக்கும் சத்தம் கேட்டால் பதம். பதினெட்டு நாள் நடந்த பாரதப் போர் ஆடி முதல் தேதியில் தொடங்கியது என்றும், அதற்காகப் பிள்ளையாருக்குப் படைப்பது என்றும் எங்கள் ஆத்தா கதை சொல்வார். கதையை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த வாசம் மட்டும் விடவில்லை.

பெங்களூரில் குடியேறிய முதல் ஆண்டு மொட்டைமாடியில் இதைச் செய்யப்போய், புகையைப் பார்த்துக் காவலாளி மணல் வாளியோடு ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவரே வறட்டி தேடித் தந்தார். பெங்களூரும் காவிரி குடிக்கும் ஊர்தான். ஆனால் ஆடிப்பெருக்கு என்று காவிரிப் பேச்சை எடுக்கத்தான் அங்கே நேரம் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பனங்கட்டி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறே இல்லை, அக்கா. கிணறும் மழையும்தான். எங்களுடைய நாள் ஆடிப்பிறப்பு. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுதலை என்று பாட்டிலேயே பாடித் திரிந்த தலைமுறை என் அப்பாவுடையது. என் காலத்தில் அந்த விடுதலை இல்லை, பாட்டும் கூழும் மட்டும் மிஞ்சின. வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் காய்ச்சிய கூழைப் பிலாவிலையை, அதாவது பலா இலையை, கோலி ஈர்க்கால் குத்தி, அதனால் அள்ளிக் குடிக்க வேண்டும். டொரோண்டோவில் பனங்கட்டி கிடைக்கிறது, பிலாவிலைதான் கிடைப்பதில்லை. என் மகன் கரண்டியால் குடித்துவிட்டு, "இது பாயசம்தானே?" என்கிறான். பிலாவிலையின் ஓரம் உதட்டில் படாமல் குடித்தால் எனக்கும் அது பாயசம் போலத்தான் இருக்கிறது என்பதை அவனிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் காய்ச்சுகிறேன். நிறுத்தினால் ஆடி எப்போது பிறந்தது என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

படித்துறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மடைக்காரர் ஐயா, நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்தோம். மேட்டூர், முக்கொம்பு, கீழணை, வீராணம் என்று வந்து போரூரில் முடித்ததும், "அப்படியென்றால் ஆறு நம் வீட்டுக்கு வந்திருக்கிறது, நாம்தான் அதை வடிகட்டிக்கூடக் குடிக்கவில்லை" என்றாள். இந்த முறை குழாய்த் தண்ணீர்தான். கலங்கலாக வந்தால் கலங்கலாகவே வைக்கப்போகிறேன். புதுவெள்ளமும் கலங்கலாகத்தானே வரும்.

கும்பகோணத்துச் சகோதரி, உங்கள் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாமா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் எதுவும் விசாரிக்காமலேயே, அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் படி இறங்குவதில்லை என்று என் மனதில் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "வலி எல்லாம் ஒண்ணுமில்லடி, போறதில்ல" என்றார். ஆடி 17 அன்று மகளையும் அழைத்துக்கொண்டு திருவையாற்றுக்கு வருவதாகவும், என் கையிலும் மகள் கையிலும் அவர்தான் மஞ்சள் நூல் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "காப்பரிசிக்கு எள்ளு நல்லதா வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஒருவேளை பயணம் தட்டிப்போனால் இங்கேயே செய்ய வேண்டும். சென்னையில் காதோலை கருகமணி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடைக்காரர் எழுதியது:

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பூசைச் சாமான் கடைகளில் ஆடி பிறந்ததும் விசாரித்துப் பாருங்கள், அம்மா. ஓலையையும் கருகமணியையும் சேர்த்துக் கட்டியே வைத்திருப்பார்கள். திருவையாற்றில் படி இறங்குவதானால் பிள்ளையைக் கீழ்ப்படிக்கு விடாதீர்கள். தண்ணீர் நிறைய விட்டிருந்தால் படிக்கு அப்பால் இழுப்பு அதிகமாக இருக்கும், மணல் போன இடங்களில் பள்ளம் இருப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அத்தைக்குப் படித்துறை பழக்கமான இடம். எந்தப் படிவரை இறங்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.