காஸியை மூழ்கடித்தது ராஜ்புத்தா, அதன் சொந்த வெடியா?

நங்கூரம்:
1971 இந்திய-பாகிஸ்தான் போர், டிசம்பர் 3 நள்ளிரவு. விசாகப்பட்டினம் துறைமுக வாயிலருகே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி 90-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. நம் கடற்படையின் கிழட்டுக் கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத் குண்டு போட்டு மூழ்கடித்தது என்று எல்லாரும் ஒப்பிக்கிறோம். எனக்கு நம்பிக்கை இல்லை. இருட்டில் தண்ணீர் கலங்கியதைப் பார்த்து இரண்டே இரண்டு ஆழ்வெடி, அதாவது தண்ணீருக்குள் இறங்கி வெடிக்கும் குண்டு, போட்டார்கள். அது போய் விழுந்து நீர்மூழ்கி உடைந்ததா? லாட்டரிச் சீட்டுதான். தன் கண்ணிவெடியோ, பேட்டரியில் சேர்ந்த ஹைட்ரஜனோ வெடித்தது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்வதே பொருந்துகிறது.

கரைவலை:
ராஜ்புத்தைக் கிழட்டுக் கப்பல் என்று இளக்காரம் செய்ய வேண்டாம் சார். 1942-ல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் (வேகமான போர்க்கப்பல்) அது. அப்போது பெயர் ரோதர்ஹாம். 40,000 குதிரைசக்தி, 36 நாட் வேகம், 4.7 அங்குலப் பீரங்கி நான்கு, டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து தாக்கும் குண்டு) ஏவும் குழாய் எட்டு.

எனக்குப் பிடித்தது பீரங்கி இல்லை, படுக்கை அறை. பழைய டெஸ்ட்ராயர்களில் அதிகாரிகள் தூங்குவது பின்முனையில். புயலில் மேல்தளத்தின் மீது அலை புரளும்போது அவசர அழைப்பு வந்தால், அங்கிருந்து கப்பலை நடத்தும் மேடையான பாலத்துக்கு ஓடுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இந்தக் கப்பலின் ரகமான ஆர் வகுப்பில்தான் அறைகளை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். குறையும் உண்டு: பீரங்கி 40 பாகைக்கு மேல் நிமிராது, தலைக்கு மேல் விமானம் வந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் ஒரு வாயிலுக்கு இதன் பெயரையே வைத்தார்கள்.

புதியவன்:
ஒரு சந்தேகம் அண்ணா. ராஜ்புத் 2021-ல்தானே ஓய்வு பெற்றது? சோவியத்தில் கட்டியது என்று படித்தேனே.

கரைவலை:
அது 1980-ல் வந்த வேறு கப்பல் தம்பி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற கதை. நாம் பேசுவது 1949-ல் இந்தியாவுக்கு வந்த தாத்தாவை. 1976-ல் உடைத்துவிட்டார்கள்.

நங்கூரம்:
நல்ல கப்பல்தான், யார் இல்லை என்றது? கேள்வி அந்த ராத்திரியைப் பற்றியது. குண்டு போட்ட ராஜ்புத், எதுவும் சிக்கியதாகத் தெரியாமல் தன் வழியே போய்விட்டது. மறுநாள் மீனவர்கள் மிதவைச் சாமான்களைக் கொண்டுவந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அரசு அறிவித்தது டிசம்பர் 9-ல். மூழ்கிப் பார்த்தவர்கள் கண்டது சிதைந்த முன்பகுதியை. டார்பிடோக்கள் இருக்கிற இடம் அது!

விசாகைவாசி:
இருவரும் முன்கதையை விட்டுவிட்டீர்கள். காஸி தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை. விக்ராந்தோ கொதிகலன் விரிசலோடு அந்தமான் பக்கம் ஒதுங்கியிருந்தது. கடற்படையின் கிழக்குக் கட்டளைக்குத் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நம் நாகர்கோவில்காரர், ராஜ்புத்துக்கு விக்ராந்த் வேஷம் போட்டார். கடலில் போய் விமானந்தாங்கிக்கு உரிய அளவுக்கு வயர்லெஸ்ஸில் சளசளக்கச் சொன்னார். கரையில் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு ரேஷன் ஆர்டர். விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போல ஒரு தந்தி வேறு! இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

நங்கூரம்:
அது சரி. ஆனால் ஏமாற்றி வரவழைத்ததற்கும் குண்டு பட்டதற்கும் என்ன சம்பந்தம்?

கரைவலை:
குண்டு நேரே பட வேண்டும் என்று யார் சொன்னது? காஸி 1968-க்குப் பிறகு துருக்கியில் பழுதுபார்க்கப்பட்டு, கண்ணிவெடி இடும் வசதியோடு திரும்பிய கப்பல். ஆழமில்லாத வாயிலில், வயிற்றில் அத்தனை வெடியோடு இருக்கிறது. மேலே டெஸ்ட்ராயர் வேகமெடுத்து வருகிறது. பக்கத்தில் ஓர் அதிர்ச்சி போதாதா? ராஜ்புத் குண்டு போட்ட சிறிது நேரத்தில் கரையில் ஜன்னல்களே அதிர்ந்தன. இதுவும் தற்செயலா?

நங்கூரம்:
இருக்கலாம் என்கிறீர்கள். நிரூபணம் இல்லை.

கரைவலை:
ஹைட்ரஜனுக்கு மட்டும் நிரூபணம் இருக்கிறதா? பாதிப் புள்ளியாவது ராஜ்புத்துக்குக் கொடுங்கள் ஐயா.

நங்கூரம்:
கால். மீதி அந்தத் தந்திக்கு.