சான்சன்கார்ட்டே எடுத்துக் கிளம்பலாமா, வேலை கிடைக்கும்வரை கோவையிலேயே இருக்கலாமா?

பம்ப்செட்33:
வணக்கமுங்க. வயது 33. பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். எட்டு வருடமாகச் சின்னியம்பாளையம் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை, பையனுக்கு மூன்று வயது. சிலுவாடு சேர்த்தது பதினாலு லட்சம் இருக்கிறது. கோபி பக்கம் அப்பா பெயரில் கொஞ்சம் தோட்டம், அதில் கை வைக்க மாட்டேன்.

காந்திபுரத்தில் ஒரு ஏஜென்சி ஜெர்மனியின் சான்சன்கார்ட்டே எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. அங்கேயே போய் ஒரு வருடம் வரை தங்கி வேலை தேடுவதற்கான விசா அது, 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு புள்ளி வேண்டுமாம். "புள்ளியை ஏற்றித் தருவது எங்கள் பொறுப்பு" என்று நாலரை லட்சம் கேட்கிறார்கள். இதில் போகலாமா, இல்லை இங்கிருந்தே வேலை தேடி, ஆஃபர் வந்த பிறகு கிளம்புவதா? கனடா, ஆஸ்திரேலியா பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்க.

அரசூர் பட்டறை:
தம்பி, போகாதீங்க என்று சொல்ல மாட்டேன். வேலை இல்லாமல் போகாதீங்க. அந்த விசாவுக்கு ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. நம்ம பணத்தில் பதிமூன்று லட்சம் ஆகிறது. அதற்கு மேல் ஏஜென்சிக்கு நாலரை, டிக்கெட், அங்கே போய் வாடகை அட்வான்ஸ். இங்கே ஒரு வருடச் சம்பளமும் போச்சு. உங்கள் பதினாலு லட்சம் எந்த மூலைக்குப் பத்தும்? கடைசியில் தோட்டத்துப் பத்திரம்தான் பேங்குக்குப் போகும். கீழ்பவானியில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியாமல் நாற்று விட்ட கதை இது.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
பட்டறை அண்ணா பாதியைத்தான் சொல்கிறார். அந்த 13,092 யூரோ யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை. உங்கள் பெயரிலேயே முடக்கி வைத்த கணக்கில் இருக்கும், மாதாமாதம் எடுத்துச் சாப்பிடலாம். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதி நேர வேலைக்கும் அனுமதி உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனையாக வேலை பார்த்துக் காட்டலாம். இங்கே வேலை கொடுப்பதில் பெரும்பகுதி குடும்பங்கள் நடத்தும் நடுத்தரக் கம்பெனிகள். கோவையிலிருந்து போகும் மெயிலைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். நேரில் வந்து நின்றால் கதவு திறக்கும். அண்ணாவே சொல்லட்டும், வீடியோ காலில் மட்டும் பார்த்த ஆளை உங்கள் மெஷினில் நிறுத்துவீங்களா?

அரசூர் பட்டறை:
நிறுத்த மாட்டேன். நான் பேசுவது புரியாத ஆளையும் நிறுத்த மாட்டேன். தம்பிக்கு ஜெர்மன் எவ்வளவு தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே?

பம்ப்செட்33:
ஏ1, அதாவது முதல் படி, பாதி முடித்திருக்கிறேன் அண்ணா. யூடியூப் பார்த்துத்தான்.

சங்ககிரி லோடு:
எதற்குப் புது பாஷை எல்லாம்? கனடாவுக்குப் போடுங்க. போய் இறங்கும்போதே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கையில் இருக்கும். என் மச்சான் 2019-இல் போனான், இப்போது பிராம்ப்டனில் சொந்த வீடு.

நொய்யல்:
2019 கனடாவை இப்போது சொல்லாதீங்க. அங்கேயும் புள்ளி வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அப்போது 470 பக்கம் கூப்பிட்டார்கள், இப்போது பொதுவான சுற்றுகள் எல்லாம் 500-ஐத் தாண்டித்தான் நிற்கின்றன. 29 வயது வரைதான் முழுப் புள்ளி, அதற்கு மேல் வருடா வருடம் குறையும். 2025 மார்ச் 25-இலிருந்து வேலை ஆஃபர் கையில் இருந்தாலும் அதற்கான புள்ளி கிடையாது. ஆள் எடுப்பையும் குறைத்துவிட்டார்கள், 2025-க்கு ஐந்து லட்சம் என்று இருந்த இலக்கு 3,95,000 ஆனது. பிரெஞ்சு தெரிந்தால் கதை வேறு. அதே மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களை 379-க்கே கூப்பிட்டார்கள். ஆக அங்கேயும் பாஷைதான்.

இப்போது அந்த ஏஜென்சி. நான் பீளமேட்டில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன், இந்தப் புள்ளிக் கதையை வாரா வாரம் கேட்கிறேன். தம்பி, உங்களுக்குப் புள்ளியே எண்ண வேண்டியதில்லாமல் இருக்கலாம். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுச் சமம் என்று ஆகிவிட்டால், நீங்கள் தகுதி பெற்ற தொழில் வல்லுநர் என்ற கணக்கில் நேராகவே அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். புள்ளி என்பது அப்படிச் சமம் என்று ஆகாதவர்களுக்கு. வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் அனபின் என்று அவர்களுடைய தளம் இருக்கிறது, காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேராக எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு என்ற குறி, இருக்கிறதா, உங்கள் பட்டமும் அதில் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பட்டம் பட்டியலில் இல்லையென்றால் இசட்ஏபி என்ற அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம், அதற்கு 208 யூரோ.

சரி, சமம் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 35 வயதுக்குள் என்பதால் இரண்டு, கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு மூன்று, பொறியாளர் பற்றாக்குறைத் தொழில் என்பதால் ஒன்று. ஆறு வந்துவிட்டது. இதில் எதை ஏற்றித் தருவதற்கு நாலரை லட்சம்?

பம்ப்செட்33:
அக்கா, இதை யாருமே சொல்லவில்லை. இப்போதே பார்க்கிறேன்.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
பார்த்தீங்களா, வழி இன்னும் சுலபமாகிவிட்டது. ஏஜென்சிக் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு கிளம்புங்க தம்பி.

நொய்யல்:
நான் கிளம்பச் சொல்லவே இல்லை. ஏஜென்சிக்குப் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். விசா கிடைப்பது ஒன்று, வேலை கிடைப்பது வேறொன்று. ஏ1 வைத்துக்கொண்டு போனவர்கள் அங்கே முதல் ஆறு மாதத்தை மொழி வகுப்பிலேயே கழிக்கிறார்கள். அந்த வகுப்பை இங்கே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டே முடிக்கலாம்.

அரசூர் பட்டறை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இன்னொன்று, சுழல்தண்டு ஊர்ப் பெருமை பேசும்போது அந்த நாட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். 2023, 2024 இரண்டு வருடமும் ஜெர்மன் பொருளாதாரம் சுருங்கியது. கார் பாகம் செய்யும் இசட்எஃப் கம்பெனி 2028-க்குள் ஜெர்மனியில் மட்டும் 14,000 வேலை வரை குறைப்பதாக அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கு மேல். இது நடக்கும்போது தம்பி போய் எங்கே கதவைத் தட்டுவார்?

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
அதெல்லாம் கார்க்காரர்கள். தம்பி பம்ப் டிசைன். தண்ணீர், கழிவுநீர், கெமிக்கல், உணவுத் தொழிற்சாலை என்று பம்ப் இல்லாத இடம் எது? கார் விற்காவிட்டாலும் ஊருக்குத் தண்ணீர் ஓடித்தானே ஆக வேண்டும்.

அரசூர் பட்டறை:
கார் கம்பெனியிலிருந்து வெளியே வரும் எஞ்சினியர் வீட்டில் உட்கார்ந்திருப்பாரா? அவரும் பம்ப் கம்பெனிக்குத்தான் விண்ணப்பம் போடுவார். அவருக்குத் தாய்மொழியே ஜெர்மன். நான் முதலாளியாக இருந்தால் யாரை எடுப்பேன்?

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
சரி, அந்த இடத்தில் அண்ணா பிடி பிடித்துவிட்டார். பி1, அதாவது நடுத்தர நிலை ஜெர்மன், இல்லாமல் வராதீங்க என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பி1 இருந்தால் நேரில் வருவதுதான் வழி, அதில் நான் மாற மாட்டேன். இங்கே வேலை கிடைத்தால் ஊருக்குத் திரும்பாமலே விசாவை மாற்றிக்கொள்ளலாம். பட்டதாரிகளுக்கான வேலை விசாவான ப்ளூ கார்டுக்குப் பொறியாளர்களின் சம்பள வரம்பும் குறைவு. 2025-இல் பொது வரம்பு வருடத்துக்கு 48,300 யூரோ, பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80. சம்பளம் அதற்குக் கீழே இருந்தாலும் பட்டம் அங்கீகாரம் பெற்றிருந்தால் சாதாரண வல்லுநர் விசா இருக்கிறது, 45 வயதுக்குள் இருப்பவருக்கு அதில் சம்பளத்துக்கு ஒரு தனி வரம்பு கிடையாது. ஊரில் அந்த வழியை ஏஜெண்டுகள் சொல்லவே மாட்டார்கள்.

பெருந்துறை ரிட்டர்ன்:
ஆஸ்திரேலியா கேட்டிருந்தீங்க. 65 புள்ளி என்பது விண்ணப்பம் போடுவதற்கு, அழைப்பு வருவது அதற்கு வெகு மேலே. 33 வயதுக்கு 25 புள்ளி, 32 வரை 30. நீங்கள் ஏற்கெனவே ஒரு படி இறங்கிவிட்டீர்கள். எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அங்கத்திய பொறியாளர் அமைப்பிடம் தகுதி மதிப்பீடு வாங்க வேண்டும். பெரும்பாலான நம்ம கல்லூரிகளுக்கு அதில் சிடிஆர் எழுத வேண்டியிருக்கும், அதாவது உங்கள் மூன்று புராஜெக்டைப் பற்றி நீங்களே எழுதும் அறிக்கை. காப்பியடித்தால் கண்டுபிடித்துத் தடை போட்டுவிடுவார்கள், அதனால் காசு கொடுத்து எழுதி வாங்காதீங்க. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேனுக்கு வெளியே இருக்கச் சம்மதம் என்றால் 491 விசாவில் 15 புள்ளி கூடும். பாஷைப் பிரச்சனை இல்லை என்பதுதான் இதில் லாபம்.

ஷார்ஜா வழி:
எல்லோரும் குளிர்நாட்டையே பேசுகிறீர்கள். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேர் விமானம், சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, உறம்பரை வீட்டு விசேஷத்துக்கு வந்து போகலாம். பி.ஆர். எதற்கு? பத்து வருடம் இருந்து சேர்த்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

நொய்யல்:
பையனுக்கு மூன்று வயது என்றாரே. பத்து வருடம் கழித்து எட்டாவது படிக்கும்போது ஊரைவிட்டுக் கிளப்புவதா? குடும்பத்தை யோசிக்காமல் விசாவைப் பேசக் கூடாது. சான்சன்கார்ட்டேயின் பெரிய ஓட்டையே இதுதான், குடும்பத்தைக் கூட்டிப்போக வழி இல்லை. தம்பி அங்கே தனியாகத் தேடிக்கொண்டிருப்பார், மனைவி இங்கே பையனையும் வேலையையும் வெசனத்தையும் சுமப்பார். ப்ளூ கார்டு என்றால் மனைவிக்கு ஜெர்மன் சான்றிதழ் இல்லாமலே விசா உண்டு, போன நாளிலிருந்து வேலைக்கும் போகலாம். பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். குழந்தைக்கு மாதம் 255 யூரோ அரசு கொடுக்கிறது, 2025 கணக்கு இது.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
அந்தப் பிரிவை நானும் பார்த்தவன்தான், அக்கா. சில மாதம்தான், அப்புறம் சரியாகிவிடும்.

நொய்யல்:
சில மாதம் என்பதைப் போனவர் சொல்லக் கூடாது, இங்கே இருந்தவர் சொல்ல வேண்டும்.

அரசூர் பட்டறை:
இன்னொரு வழி இருக்கிறது, ஒருத்தரும் பேசவில்லை. தம்பி, நம்ம ஊரிலேயே ஜெர்மன் கம்பெனிகள் இருக்கின்றன. பாஷ் பெரிய எஞ்சினியரிங் மையம் வைத்திருக்கிறது, கேஎஸ்பியின் வால்வு ஆலை இங்கே இருக்கிறது. பம்ப், வால்வு இரண்டும் ஒரே குடும்பம்தானே. அப்படி ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம் தாண்டினால், கம்பெனியே உங்களை ஐசிடி கார்டில், அதாவது கம்பெனிக்குள்ளேயே இடம் மாற்றும் அனுமதியில், அங்கே அனுப்ப சட்டத்தில் இடம் இருக்கிறது, மூன்று வருடம் வரை. செலவு அவர்களுடையது, திரும்பி வந்தால் நாற்காலியும் இருக்கும்.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
அனுப்பச் சட்டம் இருக்கிறது, அனுப்புவார்கள் என்று யார் சொன்னது? கோவையில் ஆள் வைப்பதே இங்கே வைப்பதைவிடச் செலவு குறைவு என்பதால்தான். மேனேஜர் தயவில் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டி வரும்.

அரசூர் பட்டறை:
காத்திருக்கும்போது சம்பளம் வரும். அதுதான் வித்தியாசம்.

கருமத்தம்பட்டி டிப்ளமோ:
நடுவில் ஒரு கேள்விங்க. நான் பாலிடெக்னிக் டிப்ளமோ, சிஎன்சி புரோகிராமிங் ஆறு வருடம். எனக்கு எதுவும் இல்லையா?

நொய்யல்:
இருக்கிறது. அரசு அங்கீகரித்த இரண்டு வருடப் படிப்புக்குக் குறையாத தொழிற்கல்வி, இரண்டு வருட அனுபவம், கையில் ஆஃபர். சம்பளம் 2025 வரம்பில் 43,470 யூரோ இருந்தால் அங்கே படிப்பை அங்கீகரிக்க வைக்காமலே போகலாம். ஆஃபர் இல்லாமல் போவதாக இருந்தால்தான் உங்களுக்குப் புள்ளிக் கணக்கு. அதற்கும் குறைந்தது ஜெர்மன் ஏ1, அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும்.

யாராவது "வெளிநாட்டில் வேலையே வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர்களுக்குப் பதிவு இருக்கிறதா பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணமே முப்பதாயிரமும் ஜிஎஸ்டியும்தான். அதற்குப் பயந்துதான் பலபேர் போர்டில் 'கன்சல்டன்சி' என்று மட்டும் எழுதுகிறார்கள். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது, அங்கேயும் ஒரு எட்டுப் பாருங்கள்.

பம்ப்செட்33:
அனபின் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு நேராக எச் பிளஸ் இருக்கிறது. என் பட்டத்துக்கு மட்டும் இசட்ஏபி சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஏஜென்சிக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். மனைவியோடும் பேசினேன், நான் மட்டும் தனியாகப் போவதற்கு அவள் ஒப்பவில்லை. அதனால் வேலையை விடாமல் பி1 வரை படிக்கிறேன். இங்கிருந்தே ஆஃபருக்கு முயற்சி, கூடவே கோவை ஜெர்மன் கம்பெனிகளுக்கும் விண்ணப்பம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் பி1-க்கு அப்புறம் அந்த அட்டை. 35 தாண்டினால் புள்ளி குறையுமே என்றுதான் யோசனை.

நொய்யல்:
சான்று முழுச் சமம் என்று வந்துவிட்டால் வயதுப் புள்ளி உங்களைத் தொடாது. நிதானமாகப் படிங்க.

அரசூர் பட்டறை:
அதுவரை பதினாலு லட்சத்தை எஃப்டியில் போட்டுவிட்டுக் காந்திபுரம் பக்கமே தலை வைக்காதீங்க.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
எனக்கு உடன்பாடு இல்லை, இங்கிருந்தே ஆஃபர் என்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. இருந்தாலும் பயோடேட்டாவைத் தனிச்செய்தியில் அனுப்புங்க தம்பி, பார்க்கிறேன். எந்த வகைப் பம்ப்?

பம்ப்செட்33:
பெரும்பாலும் போர்வெல் சப்மெர்சிபிள் அண்ணா. கொஞ்சம் மோனோபிளாக்.

சுழல்தண்டு, ஸ்டுட்கார்ட்:
அப்போது போர்வெல் என்று மட்டும் எழுதி அனுப்பாதீங்க. இம்பெல்லர் ஹைட்ராலிக் டிசைன் நீங்களே செய்ததா, டெஸ்ட் பெட்டில் ஐஎஸ்ஓ 9906 படி சோதனை பார்த்திருக்கிறீர்களா, எஃபிஷியன்சி எத்தனை சதவீதம் ஏற்றினீர்கள், அதை முதல் பக்கத்தில் போடுங்க. இங்கே அதைத்தான் கேட்பார்கள்.