லப்டொப்பில் சரி, போனில் பொத்தான் தலைப்பின் மேல் ஏறுகிறது

வெப் டிசைன் தெரிந்த அண்ணாமார், அக்காமார் ஒருக்கால் பாருங்கோ.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பனைப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றுக்கு வேர்ட்பிரஸில் எலிமென்டர் (பக்கம் கட்டும் பிளகின்) வைத்துப் பக்கம் செய்கிறேன். மேலே படம், அதன்மேல் "யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, ஒடியல், பனாட்டு" என்ற தலைப்பு, கீழே "ஓடர் செய்ய" பொத்தான். பொத்தானின் பொசிஷன் அப்சல்யூட், அதாவது தலைப்பு நீண்டாலும் அதற்கேற்ப நகராமல் கொடுத்த இடத்திலேயே நிற்கும். லப்டொப்பில் திறமாக நிற்கிறது. அண்ட்ராய்ட் போனில் குரோமில் பார்த்தால் தலைப்பு நான்கு வரியாக மடிய, பொத்தான் "பனாட்டு"வின் மேல் ஏறிக் குந்துகிறது. வலது பக்கம் வெள்ளைக் கீற்று வேறு. விரலால் தள்ளினால் முழுப் பக்கமும் ஆடுகிறது. ஆங்கிலத் தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்குகிறது, ஆனால் கடைக்காரருக்குத் தமிழ்தான் வேண்டும். எனக்கும்தான்.

போன கிழமை எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிய பிறகு தொடங்கியது இது. ஆஃப்செட்டை (விளிம்பிலிருந்து பொத்தான் தள்ளி நிற்கும் தூரம்) பிக்சலில் இருந்து சதவீதமாக்கினேன், மொபைலுக்குத் தனி அளவு கொடுத்தேன், இசட்-இன்டெக்ஸைக் கூட்டினேன் (எது மேலே தெரிவது என்பதைத்தான் அது மாற்றும், இடத்தை அல்ல), கேஷையும் அழித்தேன். ஒரு போனில் சரிவந்தால் சின்னத் திரையில் மறுபடி குழம்புகிறது.

தலைப்பு எத்தனை வரியானாலும் பொத்தான் அதற்குக் கீழேயே நிற்கவும், லப்டொப்பில் படத்தின் அடியில் இருக்கவும் கன்டெய்னரில் (தலைப்பையும் பொத்தானையும் அடக்கிய பெட்டி) எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?